வாணலிக் கறி மெத்தென்று வர: கத்தியா, மாவா, சோடாவா, பப்பாளியா?

சீன முறை வறுவலில் இறைச்சி அடுப்பில் இருப்பது மொத்தம் இரண்டு, மூன்று நிமிடம்தான். குழம்பில் கறி வேகவில்லை என்றால் இன்னும் இரண்டு விசில் விட்டுச் சமாளிக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது. நேரம் போகப் போகக் கறி இறுகத்தான் செய்யும். ஆகவே கறியை மெதுவாக்கும் வேலை வாணலி சூடாவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்கு வீடுகளில் பல வழிகள் புழங்குகின்றன: மெல்லியதாக நறுக்குவது, முட்டை வெள்ளையும் கார்ன்ஃப்ளாரும் பிசறுவது, ஆப்ப சோடா தூவுவது, பப்பாளிக்காய் அரைத்துப் பூசுவது, தயிரில் ஊற வைப்பது, குக்கரில் முன்கூட்டியே வேக வைப்பது. பயத்தில் இவற்றில் மூன்று, நான்கை ஒரே கறிக்குச் செய்துவிடுகிறவர்களும் உண்டு. ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

கறி கடினமாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று வறட்சி. கோழியின் நெஞ்சுக்கறியில் சவ்வு குறைவு, இழையும் இயல்பிலேயே மென்மையானது. ஆனால் சூடு ஏற ஏற அதன் புரதங்கள் சுருங்கி, தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் என்ற புரதம் இறுகத் தொடங்கும். 65-ஐத் தாண்டினால் ஆக்டினும் சேர்ந்துகொள்ளும். கோழி பாதுகாப்பாக வேக உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பதால், இந்தச் சுருக்கத்திலிருந்து தப்ப வழியே இல்லை.

இன்னொன்று, சவ்வும் தடித்த இழையும். ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் இதுதான் தொல்லை. இழைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் 60 டிகிரிக்கு மேல் சுருங்கிக் கறியை முறுக்கும். அதே கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வெந்தால் கரைந்து கூழ்மமாகும்; சுக்காவுக்கு முதலில் வேக வைத்துக்கொள்வதன் பொருள் அதுதான். மூன்று நிமிட வறுவலில் சுருக்கம் மட்டும் நடக்கும், கரைவதற்கு நேரம் இருக்காது. வறட்சிக்கான வைத்தியம் சவ்வுக்குப் பலிக்காது. சவ்வுக்கானதை நெஞ்சுக்கறிக்குச் செய்தால் அது குழைந்துவிடும்.

கடையில் எடுக்கும் முடிவு

கோழி என்றால் நெஞ்சா, தொடையா? கையில் நேரமில்லாத நாளில் தொடைக்கறியை வாங்குங்கள் என்பேன். கொழுப்பும் சவ்வும் சற்றுக் கூடுதலாக இருப்பதால் அடுப்பில் அரை நிமிடம் அதிகம் நின்றாலும் அது காய்ந்துபோகாது. சோயா சாஸும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் பிசறினாலே போதும். எலும்பை எடுத்துத் தரச் சொன்னால் கூட்ட நேரத்தில் கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

ஆட்டில் பின்னந்தொடைத் தனிக்கறியும், சாப்ஸ் எலும்பை ஒட்டிய முதுகுக்கறியும் இந்த வேலைக்கு உதவும். கழுத்து, முன்னங்கால், நெஞ்செலும்புப் பகுதி எல்லாம் குழம்புக்கு எவ்வளவு ருசியோ, வாணலிக்கு அவ்வளவு இடைஞ்சல். மாட்டுக்கறியில் அண்டர்கட் (முதுகெலும்பின் அடியில் ஓடும் மிக மென்மையான தனிக்கறி) கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. நறுக்கி, உப்புப் போட்டு வறுத்துவிடலாம்.

எந்தப் பாகம் என்பதைப் போலவே எப்போது அறுத்தது என்பதும் முக்கியம். காலையில் அறுத்த கறியைக் காலையிலேயே வாங்கிச் சமைப்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. குழம்புக்கு அதனால் பெரிய நட்டமில்லை. வறுவலுக்கு அது பாதகம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். பிறகு தசையிலேயே உள்ள நொதிகள் இழைகளை மெல்ல மெல்லத் தளர்த்தும். கோழியில் இந்த விறைப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு நாளாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வறுவலுக்குச் சனிக்கிழமையே கறியைப் பெரிய துண்டாக வாங்கி, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது, எதையும் பூசாமலேயே கிடைக்கும் மென்மை.

அதே கறியை வாங்கி வந்தவுடன் ஃபிரீசரில் போட்டால் நேர் எதிர். விறைப்பு வந்து போவதற்கு முன்பே கடுங்குளிர் பட்டால் தசை இன்னும் அதிகமாகச் சுருங்கிக்கொள்ளும். பிறகு சோடா போட்டாலும் அது முழுதாகச் சரியாகாது. வாரத்துக்கான கறியை ஒரே நாளில் வாங்கிச் சேமிப்பவர்கள் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஃபிரீசருக்கு மாற்றினால் போதும்.

கத்தி

எல்லா வழிகளிலும் செலவில்லாதது, எந்த வாடையும் விடாதது, எல்லாக் கறிக்கும் பொருந்துவது கத்திதான். ஆனால் பலரும் நறுக்குவதைத் தயாரிப்பாகவே எண்ணுவதில்லை. ‘சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுங்க’ என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கி வருவதோடு முடித்துக்கொள்கிறார்கள். அவர் கட்டையில் வைத்து நாலா பக்கமும் வெட்டித் தருவது எலும்போடு கொதிக்கப்போகும் கறிக்குச் சரி. வறுவலுக்கு முழுத் துண்டாக வாங்கி வந்து வீட்டில் நறுக்க வேண்டும்.

ஒரு துண்டுத் தொடைக்கறியை ஈரம் துடைத்துப் பலகையில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகக் கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். தெரியவில்லை என்றால் இரு கையாலும் லேசாக இழுங்கள். எந்தப் பக்கம் பிளவு விடுகிறதோ அதுதான் இழை ஓடும் திசை. கத்தி அந்தக் கோடுகளைக் குறுக்கே அறுக்க வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு இழையும் அவ்வளவு நீளம்தான் மிஞ்சும். பல்லுக்கு வேலை குறையும். அதே துண்டை நெடுக்கே அறுத்தால் விரல் நீள இழைகள் அப்படியே இருக்கும், எத்தனை சோடா போட்டாலும் மெல்ல வேண்டியிருக்கும். மேலே படர்ந்திருக்கும் வெள்ளிநிறச் சவ்வின் ஒரு முனையைக் கத்தி நுனியால் தூக்கி, விரலால் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுக்கவைத்து நகர்த்தினால் நாடாவாகப் பிரிந்து வரும். அந்தச் சவ்வைக் கரைக்கும் பூச்சு எதுவும் கிடையாது, உரித்தெடுப்பதே வழி.

இதற்குச் சீனச் சமையல்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு: மாட்டையும் ஆட்டையும் குறுக்கே, பன்றியைச் சாய்த்து, கோழியை நெடுக்கே. கோழியை நெடுக்கே என்பது நமக்கு வியப்பாக இருக்கும். அதன் இழை ஏற்கெனவே மெல்லியது. ரொம்பச் சன்னமாகக் குறுக்கே அறுத்தால் வாணலியில் புரட்டும்போது உதிர்ந்துவிடும். நாம் வழக்கமாகப் போடும் கட்டை விரல் பருமன் துண்டுகளுக்கு இந்த விதி அவ்வளவு கறாராகத் தேவையில்லை. நெஞ்சுக்கறியின் அடியில் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டில் ஒரு வெள்ளை நரம்பு ஓடும், அதை மட்டும் மறக்காமல் உருவிவிடுங்கள்.

வழுக்கும் கறியை மெல்லியதாக நறுக்குவது வீட்டுக் கத்திக்குக் கடினம். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, வெளிப்புறம் கெட்டிப்பட்டு உள்ளே மெதுவாக இருக்கும் பதத்தில் எடுத்தால் கத்தி நேராக இறங்கும். பெய்ஜிங் பக்கம் வெங்காயத்தாளோடு ஆட்டுக்கறி வறுக்கிறார்கள். காகிதம் போலச் சீவிய தொடைக்கறி, பெருந்தீ, ஒரு நிமிடச் சொச்சம். அந்தப் பதார்த்தத்தின் மென்மையில் முக்கால்வாசி கத்தியுடையது.

மாவுப்பூச்சு: எண்ணெயிலா, வெந்நீரிலா?

கடைச் சில்லி சிக்கனை விடுங்கள், அது பொரித்தது. நல்ல சீன உணவகங்களில் சாம்பல் பூக்காமல் வெள்ளை வெளேரென்று, வாயில் வழுக்கிக்கொண்டு போகும் கோழித் துண்டுகள் வருமே, அவை இந்த முறையில் வந்தவை. 300 கிராம் நெஞ்சுக்கறிக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். உப்பையும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரையும் முதலில் போட்டு, தண்ணீரைக் கறி குடிக்கும் வரை கையால் பிசைய வேண்டும். அடியில் ஈரம் தேங்காமல் விரலில் ஒட்டும் பதம் வந்தபின் முட்டையும் மாவும். உப்பு மேற்பரப்புப் புரதத்தைக் கரைத்து நீரைப் பிடித்துவைக்கிறது, மாவும் முட்டையும் அதன்மேல் ஒரு மெல்லிய உறையாகப் படிகின்றன. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் உறை நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு உணவகங்களில் 120, 130 டிகிரி அளவுக்கு மட்டும் காய்ந்த எண்ணெயில் போட்டு, வெளுத்தவுடன் அரித்தெடுப்பார்கள். பொரிப்பதைவிட மிகக் குறைந்த சூடு இது. ருசி பிரமாதம். வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முக்கால் லிட்டர் எண்ணெய் வேண்டும். முடிந்ததும் அது கோழி வாடையோடு, அடியில் மாவுக் கசடோடு நிற்கும். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் பார்க்கும் வீட்டில் அந்த எண்ணெய்க்கென்று ஒரு தனிப் பாத்திரமும், அதற்கொரு மூலையும், அதைப் பற்றி ஒரு விவாதமும் தேவைப்படும்.

வெந்நீர் வழியில் இந்த வம்பு இல்லை. அகலப் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தளதளவென்று கொதிக்காமல் ஓரங்களில் சிறு குமிழ் வரும் நிலையில் வைத்து, கறியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். நாற்பது விநாடி முதல் ஒரு நிமிடத்தில் வெளிப்புறம் வெளுத்துவிடும். உள்ளே இன்னும் வேகாமல்தான் இருக்கும். வடிதட்டில் பரப்பி ஈரம் போகவிட்டு, வாணலியில் மிச்ச வேக்காட்டை முடித்துக்கொள்ளலாம். எண்ணெயில் எடுத்த கறிக்குள்ள மணம் இதற்கு ஒரு படி குறைவுதான். சாஸோடு புரட்டிய பிறகு அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. சிச்சுவான் வீட்டுச் சமையலில் குங் பாவ் கோழி போன்றவற்றுக்கு எண்ணெயிலோ வெந்நீரிலோ முன்வேக்காடு கொடுப்பதில்லை. மாவு பிசறிய கறியை, நன்றாகக் காய்ந்த வாணலியில் தாராளமாக எண்ணெய் விட்டு நேரடியாகவே போட்டுவிடுகிறார்கள். அவசர நாளுக்கு ஏற்றது. முட்டையை விட்டுவிட்டு மாவும் சோயா சாஸும் மட்டும் போட்டால் அடிப்பிடிப்பது குறையும்.

கார்ன்ஃப்ளார் என்றால் தொட்டால் மைபோல வழுக்கும் வெள்ளை மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவைப் போட்டால் கறி நறநறவென்று இருக்கும். மரவள்ளி மாவு அல்லது உருளைக்கிழங்கு மாவு இருந்தால் அவையும் சரிதான்.

இந்த முறை வறட்சிக்கு மட்டுமே மருந்து. மாவு உறையால் தடித்த இழையை ஒன்றும் செய்ய முடியாது. மாவு பூசிய முற்றல் ஆட்டுக்கறி, வழுக்குகிற முற்றல் ஆட்டுக்கறியாகவே வந்து சேரும்.

ஆப்ப சோடா

தடித்த இழைக்குச் சோடா. ஆறிய கறியின் கார அமிலக் குறியீடு (pH) ஏறத்தாழ 5.5. கறி தன் நீரைப் பிடித்துவைக்க மிகவும் தடுமாறும் இடத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. சோடா அந்த எண்ணைக் காரப் பக்கம் மேலே தள்ளுகிறது. அப்போது புரத இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்கின்றன. சூடு பட்டாலும் முன்போல இறுகப் பின்னிக்கொள்ள முடிவதில்லை, நீரும் தங்குகிறது. கான்டன் பாணி உணவகங்களில் மாட்டுக்கறி அத்தனை மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொரு லாபமும் உண்டு: காரத்தன்மையில் கறி சீக்கிரம் சிவக்கும். நம் வீட்டு அடுப்பின் சிறு தீக்கு அது பெரிய உதவி.

அளவு தப்பினால்தான் வம்பு. 300 கிராம் கறிக்குக் கால் தேக்கரண்டி, அதுவும் தலைதட்டி. ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வைத்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசிப் பிழிந்து துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். குழாயடியில் பிடித்து அலசாதீர்கள்; பச்சைக் கறித் தண்ணீர் மேடையெங்கும் தெறிக்கும். சோடா கூடினால் அல்லது மணிக்கணக்கில் ஊறினால், சோடா மிஞ்சிய கொண்டைக்கடலைச் சுண்டலில் வருமே, அதே கொழகொழப்பும் சவுக்கார வாடையும் வரும். பேக்கிங் பவுடர் இதற்கு மாற்றாகாது. அதில் அமிலமும் கலந்திருக்கிறது.

இரத்த அழுத்தக்காரர்கள் சோடியத்தை நினைத்துச் சோடாவுக்குப் பயப்படுவார்கள். கால் தேக்கரண்டிச் சோடாவில் சோடியம் 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அலசும்போது அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் இருக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் அங்கே குறைக்கலாம்.

சோடா பட்ட கறி முழுதாக வெந்த பிறகும் உள்ளே லேசான இளஞ்சிவப்பாகத் தெரியலாம். கோழிக்கு நிறத்தை நம்பாமல், தடித்த துண்டில் வெப்பமானி குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள். கோழிக்கே சோடா வேண்டுமா என்றால், முட்டை ஆகாதவர்கள் வீட்டில் வேண்டும். மற்றபடி மாவுப்பூச்சே போதும். நெஞ்சுக்கறிக்குச் சோடா போட்டால் சாறு நிற்கிறது, ஆனால் கோழிக்கு உரிய கடி போய்விடுகிறது.

பப்பாளி, அன்னாசி, இஞ்சி, தயிர்

பப்பாளிக்காயின் பாலில் உள்ள பப்பைன் நொதி புரதத்தையே துண்டாக வெட்டும். கடையில் விற்கும் கறி மென்மையாக்கும் பொடிகளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. லக்னோவின் கலௌட்டி கபாபுக்கு இது கைகண்ட மருந்து. அங்கே கறி அரைபட்டுக் குழைவதுதான் நோக்கம். வறுவலுக்கு மெல்லியதாகச் சீவிய கறியில் பூசினால், மேற்பரப்பு அதிகமாதலால் நொதி எல்லாப் பக்கமும் தின்றுவிடும். போதாக்குறைக்கு 60, 70 டிகிரியில்தான் அது மிகவும் சுறுசுறுப்பு. வாணலியில் போட்ட பிறகும் வேலையை நிறுத்தாது. வெளியே மாவுமாவாகவும் நடுவில் பழையபடியும் இருக்கும் கறியை நான் விரும்புவதில்லை. பழுக்கப் பழுக்க இந்த நொதி குறையும், ஆகவே காயின் முற்றலைப் பொறுத்து விளைவும் மாறும். அளவு சொல்லிக் கொடுக்கவே முடியாத சமாச்சாரம் இது.

அன்னாசியும் இதே வகை. அன்னாசிச் சிக்கன் செய்பவர்கள் புதுப் பழத்தைக் கடைசி நிமிடத்தில் சேர்த்தால் போதும். டின்னில் வருவது சூடுபட்டு நொதி செத்துப்போனது. இஞ்சிச் சாற்றிலும் இத்தகைய நொதி உண்டு, அளவாக ஒரு தேக்கரண்டி சேர்த்தால் தீங்கில்லை, வாடையும் போகும். தயிர் தந்தூரிக்கும் பிரியாணிக்கும் உரியது. வாணலியில் அது திரிந்து, நீர்விட்டு, வறுவலைக் கூட்டாக்கிவிடும்.

குக்கர்

கிடா முற்றல், கிடைத்ததோ கலவைக்கறி. அன்றைக்கு மேற்சொன்ன எதையும் முயலாமல் குக்கரை எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் நறுக்கிப் போட்டு வேக வைக்காதீர்கள். பெரிய துண்டாகவே உப்பும் இஞ்சியும் போட்டு வேக வைத்து, முழுதாக ஆறவிட்டு, முடிந்தால் ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டியான பின் குறுக்கே நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் நாராய்ப் பிய்ந்துபோகும். பிறகு கார்ன்ஃப்ளார் தூவி, சூடான எண்ணெயில் ஓரம் முறுகும்வரை புரட்டி, குடமிளகாயும் பூண்டும் சேர்க்கலாம். சாறு ததும்பும் வறுவல் இதில் வராது. ஓரம் மொறுமொறுத்து உள்ளே இளகும் வேறொரு பண்டம் வரும். வேக வைத்த தண்ணீர் மறுநாள் சூப்புக்கு.

என் வீட்டு வழக்கம் இது: நெஞ்சுக்கறிக்கு மாவும் வெந்நீரும்; தொடைக்கறிக்கு மாவும் சோயாவும் மட்டும்; மாட்டுக்கும் ஆட்டுத் தொடைக்கும் குறுக்கு வெட்டும் கால் தேக்கரண்டிச் சோடாவும், அலசிய பிறகு லேசாக மாவும். பப்பாளி கபாபுக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தாலும், வீட்டு அடுப்பில் ஒரு முறைக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள். உணவக பர்னரின் தீ நம் அடுப்பைவிடப் பல மடங்கு. அங்கே ஒரு கிலோவைக் கொட்டினாலும் வாணலியின் சூடு இறங்காது. இங்கே அரை கிலோவைக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கி, கறி நீர்விட்டு, தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருக்கும். இரும்பு வாணலியாக இருந்தாலும் அதே கதைதான். புகை கிளம்பும் வரை காய விட்டு, முதல் ஈட்டைப் பரப்பிப் போட்டு, அரை நிமிடம் கரண்டி வைக்காமல் விட்டு, பிறகு புரட்டி எடுத்துத் தட்டில் வையுங்கள். அடுத்த ஈடு, அதன்பின் காய்கள். எல்லாம் ஆன பிறகு கறியைத் திரும்பக் கொட்டிச் சாஸ் ஊற்றினால் அரை நிமிட வேலை. வினிகர் சேர்ப்பதாக இருந்தால் அதற்கும் அப்போதுதான் நேரம்.